காஞ்சு வர்ற கமலா ஆரஞ்சு மரத்த லேத்துல கடையலாமா? ஏற்காட்டுல இருந்து ஒரு கேள்வி

காப்பிக்காடு_நாகலூர்:

வணக்கங்க எல்லாருக்கும். ஏற்காட்டுல நாகலூர் பக்கம் எங்களுக்கு கொஞ்சம் காப்பித்தோட்டம் இருக்கு. தாத்தா காலத்துல காப்பிக்கு நடுவுல வச்ச கமலா ஆரஞ்சு மரம் கொஞ்சம் இன்னும் நிக்குது, ஆனா வருசா வருசம் ஒண்ணொண்ணா உச்சியில இருந்து காஞ்சுகிட்டே கீழ வருது. இந்தத் தடவ காய்ப்பு முடிஞ்சதும் தேறாத மரத்தயெல்லாம் எடுத்துரலாம்னு அப்பா சொல்லிட்டாரு. வழக்கமா இதெல்லாம் அடுப்புக்குத்தான் போகும், நின்னு எரியும்னு தோட்டத்துல வேல பாக்கறவங்க குடியிருக்கற லைன் வீட்டுல கேட்டு வாங்கிப்பாங்க.

போன வாரம் ஒரு கிளைய கைரம்பத்துல அறுத்துப் பாத்தேன். உள்ள வெண்ணெய் மாதிரி வெளிர் மஞ்சள், ரேகை கண்ணுக்குத் தெரியாத அளவு நெருக்கம், நகத்த அழுத்தினா தடம் விழல. என்கிட்ட சின்ன லேத்து ஒண்ணு இருக்கு, இதுவரைக்கும் சில்வர் ஓக்கும் பலாவும்தான் கடைஞ்சிருக்கேன். இந்த மரத்த அடுப்புல வைக்க மனசே வரல.

அடிமரம் 6 இஞ்சுல இருந்து 9 இஞ்சு வரைக்கும் இருக்கு. கிண்ணம், மிளகு அரைக்கற மில், கரண்டி இதெல்லாம் வருமா? எப்படி காய வைக்கறது? யாராவது எலுமிச்சை நாரத்தை வகை மரத்துல வேல பண்ணியிருந்தா சொல்லுங்க.

செவ்வாப்பேட்டை_கடைசல்:

தம்பி, அடுப்புக்கு விட்றாதீங்க. எங்க வீட்டுல அப்பா காலத்துலருந்து கடைசல் பட்டறை, கட்டில் கால், தொட்டில் கம்பு, மத்து, பூரிக்கட்டைன்னு அதுலயே வளந்தவன் நான், நாரத்தையும் எலுமிச்சையும் எங்கயாவது கெடச்சா சொல்லி வச்சு வாங்கி வச்சுக்குவேன், ஏன்னா உளி பட்டதும் வழவழன்னு வர்ற மரம் நம்ம பக்கம் ரொம்ப இல்ல. கூரான உளியில கடைஞ்சா உப்புத்தாளே தேவைப்படாத அளவுக்கு பளபளப்பு வரும். சன்னமான வளையம், மணி, கழுத்து இதெல்லாம் கடைஞ்சாலும் விளிம்பு உதிராது, பலாவுல அதே அளவு சன்னமா போனா பிச்சுக்கிட்டு வந்துரும்.

ஆனா ஒண்ணு, இந்த மரம் வெடிக்கற மாதிரி எதுவும் வெடிக்காது. வெட்டிப் போட்டுட்டு நாளைக்கு பாத்துக்கலாம்னு விட்டா காலையில முனையில நடுவுலருந்து நட்சத்திரமா கீறிக்கிட்டு நிக்கும். அதனால வேலையெல்லாம் வெட்டற அன்னைக்கே முடிக்கணும். மரம் சாஞ்ச கையோட ரெண்டு முனையிலயும் மெழுகு காச்சி தடவுங்க, மெழுகு இல்லன்னா ஃபெவிகால கெட்டியா ரெண்டு கோட் அடிங்க, பழைய பெயின்ட்டு இருந்தாலும் சரி. மரத்தோட முனை வழியாத்தான் ஈரம் பக்கவாட்டை விட பத்து மடங்குக்கு மேல வேகமா வெளிய போகுது, முனை சுருங்கும், உள்ள சுருங்காது, அந்த இழுவையிலதான் கிழியும். அடுத்தது உருட்டா வைக்காதீங்க. மரத்தோட நட்டநடுவுல ஓடற நெட்டி வழியா நீளவாக்குல ரெண்டா பொளந்துருங்க, நெட்டிக்கு ரெண்டு பக்கமும் அரை இஞ்சு சீவி எறிஞ்சுருங்க. நெட்டி உள்ள இருக்கற எந்தத் துண்டும் நிக்காது.

முக்கியமா ஒண்ணு கேக்கணும், மரம் முழுசா செத்ததா, பாதி உயிரோட இருக்கறதா?

மரம்_சூரமங்கலம்:

நானும் சில வருசமா பொழுதுபோக்கா கடையறேன். அண்ணன் சொன்ன மெழுகு விசயம் சரி. ஆனா எல்லாத்தையும் உடனே பொளந்துட்டா பெரிய கிண்ணத்துக்கு அகலம் எங்க கிடைக்கும்? 9 இஞ்சு மரத்த பொளந்து நெட்டிய சீவினா ஒரு பாதியில 4 இஞ்சு உயரம்தான் மிஞ்சும். நான் படிச்ச வரைக்கும் ஒரு இஞ்சு கனத்துக்கு ஒரு வருசம்னு கணக்கு வச்சு பட்டையோட நிழல்ல அடுக்கி வச்சா மெதுவா காஞ்சு நல்லா வரும். பட்டை இருந்தா பக்கவாட்டுல ஈரம் மெதுவாத்தான் போகும். அவசரப்படாம வைக்கறதுதான் நல்லதுன்னு தோணுது.

செவ்வாப்பேட்டை_கடைசல்:

இஞ்சுக்கு ஒரு வருசங்கறது அறுத்த பலகைக்கு சொல்ற கணக்குங்க, உருட்டு மரத்துக்கு இல்ல. தேக்கு உருட்டா வருசக்கணக்குல கிடந்தாலும் தாங்கும், ஆரஞ்சு தாங்காது. பட்டையோட வச்சா இன்னொரு வினையும் இருக்கு, பட்டைக்கும் மரத்துக்கும் நடுவுல ஈரம் தங்கி புழு ஏறும், மழைக்காலமா இருந்தா பூஞ்சை ஓடி மஞ்சள் போய் சாம்பல் திட்டு விழுந்துரும். ஏற்காட்டு மூடுபனியில அது இன்னும் சீக்கிரம். சில பேருக்கு அந்த சாம்பல் கோடு பிடிக்கும், ஆனா நாகலூர் தம்பி கேக்கறது மஞ்சள் மரத்துக்காக.

பெரிய கிண்ணம் வேணும்னா பச்சையாவே முக்கால் வேல கடைஞ்சுருங்க. அதுதான் வழி.

கொண்டலாம்பட்டி_லேத்து:

செவ்வாப்பேட்டை அண்ணன் சொன்ன பச்சைக் கடைசல்தான் நானும் சொல்லலாம்னு வந்தேன். விவரமா சொல்றேன், நான் சாத்துக்குடி மரத்துல பண்ணது.

பொளந்த பாதிய வட்டமா வெட்டிக்குங்க, கிண்ணத்தோட வாய் நெட்டிப் பக்கம் வரணுமா பட்டைப் பக்கம் வரணுமான்னு முதல்ல முடிவு பண்ணிக்குங்க, வாய் நெட்டிப் பக்கம் வச்சா பெரிய வாய் கிடைக்கும். ஃபேஸ்பிளேட்ல, அதான் ஸ்க்ரூ போட்டு மரத்தப் பிடிக்கற லேத்துத் தட்டுல, மாட்டி வெளிப்பக்கம் உருவம் கொண்டுவந்துட்டு அடியில பிடிக்கறதுக்கு வட்டமா ஒரு குமிழ், டெனான்னு சொல்றது, அத விட்டு, திருப்பி சக்குல, அதான் லேத்தோட தாடைப் பிடியில, பிடிச்சு உள்பக்கம் குடையுங்க. சுவர் கனம் மொத்த விட்டத்துல பத்துல ஒரு பங்கு விடணும், 6 இஞ்சு கிண்ணம்னா 15 மில்லிமீட்டர், 8 இஞ்சுன்னா 20. இதுல ரொம்ப கவனிக்க வேண்டியது அடியும் சுவரும் ஒரே கனமா இருக்கணும், அடி மட்டும் கட்டையா விட்டா அங்கதான் பொளக்கும். ஆரம்பத்துல துண்டு கோணல் மாணலா இருக்கும், 600-700 ஆர்பிஎம்முக்கு மேல போகாதீங்க, உருண்டை ஆனதுக்கு அப்புறம் 1000, 1200 போகலாம். பச்சை மரம்ங்கறதால சீவல் நீள நீளமா ரிப்பனா வரும், லேத்து கூடமே ஆரஞ்சுத் தோல் உரிச்ச வாசனையா இருக்கும்.

கடைஞ்சதும் டெனான், வாய் விளிம்பு ரெண்டுலயும் மெழுகு தடவி, அதே சீவலோட ஒரு காகிதப் பையில போட்டு வாய மடிச்சு வைங்க. பிளாஸ்டிக் பை வேணாம், பூஞ்சை பிடிக்கும். பை மேல தேதியும் எடையும் எழுதுங்க. வாரம் ஒருக்கா சமையலறை தராசுல எடை போடுங்க, முதல்ல சடசடன்னு இறங்கும், அப்புறம் மெதுவாகும், அடுத்தடுத்த வாரம் எடை மாறாம நின்னுட்டா மரம் அந்த எடத்துக் காத்தோட சமமாயிருச்சுன்னு அர்த்தம். அப்ப எடுத்துப் பாத்தா வட்டம் போய் முட்டை வடிவமா இருக்கும், அதுக்குத்தான் அந்தக் கனம். திரும்ப மாட்டி உண்மையான வட்டத்துக்கு கடைஞ்சு முடிங்க.

காப்பிக்காடு_நாகலூர்:

ரொம்ப நன்றிங்ணா ரெண்டு பேருக்கும். அண்ணன் கேட்டதுக்கு, ரெண்டு மரம் சுத்தமா செத்து பட்டை உரிஞ்சு நிக்குது, மீதி பாதிக் கிளை பச்சையாவும் பாதி காஞ்சும் இருக்கு. இலை மஞ்சளடிச்சு, பழம் சின்னதா கோணலா விழுது, சிலது அடிப்பக்கம் பச்சையாவே நிக்குது. ஒரு மரத்துல அடித்தண்டுல பிசின் வடிஞ்சு பட்டை வெடிச்சிருக்கு. நோய் வந்த மரத்த கடையலாமா, மத்த மரத்துக்குப் பரவுமான்னு பயமா இருக்கு, ஏன்னா புதுசா கொஞ்சம் கன்னு வைக்கற யோசனையும் இருக்கு.

தோட்டக்கலை_அயோத்தியாப்பட்டணம்:

அண்ணா, நான் தோட்டக்கலை படிச்சவ, அதனால இந்தப் பக்கம் மட்டும் சொல்றேன். நீங்க சொல்ற கோணல் பழம், அடிப்பக்கம் பச்சையா நிக்கறது, இலையில நரம்புக்கு ரெண்டு பக்கமும் வேற வேற மாதிரி மஞ்சள் திட்டு, இதெல்லாம் கிரீனிங் நோயோட அடையாளம். அது ஒரு பாக்டீரியா, பட்டைக்கு உள்பக்கம் இருக்கற சாறு ஓடற திசுவுலதான் வாழும், சைலிட்னு ஒரு குட்டிப் பூச்சி சாறு உறிஞ்சப்ப ஒரு மரத்துலருந்து இன்னொண்ணுக்கு கொண்டு போகும், ஒட்டுக் கட்டற குச்சி வழியாவும் போகும். வந்த மரத்த குணமாக்க மருந்து இல்ல. ட்ரிஸ்டெசான்னு ஒரு வைரஸும் உண்டு, அது அசுவினி வழியா பரவும். உச்சியிலருந்து காஞ்சு வர்றதுக்கு இது ரெண்டும் பெரிய காரணம், ஆனா இலைய வச்சு மட்டும் உறுதியா சொல்ல முடியாது, துத்தநாகச் சத்து கம்மியா இருந்தாலும் இலை கிட்டத்தட்ட அப்படித்தான் மஞ்சளடிக்கும். ஏற்காட்டுலயே வேளாண் பல்கலைக்கழகத்தோட தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கே, கன்னு வைக்கறதுக்கு முன்னாடி இலைய எடுத்துட்டுப் போய் அங்க காட்டுங்க.

நீங்க கேட்டதுக்கு நேரடி பதில்: பட்டை உரிச்சுக் காயவச்ச மரத்துல இருந்து கிரீனிங் பரவாது, அந்த பாக்டீரியாவுக்கு உயிருள்ள சாறு வேணும். கிண்ணத்துல சாப்பிடறவங்களுக்கும் ஒண்ணும் ஆகாது, அது செடியோட நோய். ஆனா இலையோட இருக்கற பச்சைக் கிளைகள தோட்டத்துலயே குமிச்சு வைக்காதீங்க, சைலிட் அதுலருந்து பக்கத்து மரத்துக்குப் போகும். வெட்டறதுக்கு முன்னாடி பூச்சிக்கு மருந்து அடிச்சுட்டு வெட்டறது இன்னும் நல்லது.

பிசின் வடியற மரம் வேற கதை, அது ஃபைட்டோஃப்தோரா, மண்ணுலயும் தண்ணிலயும் வாழற ஒண்ணு. அந்த மரத்தோட அடிப்பட்டை, வேர், ஒட்டியிருக்கற மண்ணு இத வேற பாத்திக்கு இழுத்துட்டுப் போகாதீங்க. தண்டுல ஓட்டையும் அதுக்குக் கீழ மரத்தூளும் இருந்தா தண்டுதுளைப்பான், உள்ள புழு உயிரோட இருக்கும், அந்தத் துண்டத் தனியா எடுத்து எரிச்சுருங்க.

செவ்வாப்பேட்டை_கடைசல்:

அருமையா சொன்னம்மா. நான் வெட்டற எடத்துல இருந்து ஒண்ணு சேத்துக்கறேன். பிசின் வடிஞ்ச மரத்துல உள்ளயும் பிசின் தேங்கின பொட்டு இருக்கும், பழுப்பா கோடு கோடா. உளி அங்க வர்றப்ப தட்டும், உப்புத்தாள் அடைச்சுக்கும். அந்த மரத்துல கிண்ணம் வேணாம், அது இல்லாத எடமா பாத்து சின்னச் சின்னதா எடுங்க.

சுத்தமா செத்த ரெண்டு மரம் நிக்குதுன்னீங்களே, அது நின்ன வாக்குலயே காஞ்சு உள்ள வெடிச்சிருக்கும். அதுல 2 இஞ்சு, ஒன்றரை இஞ்சு கட்டையா பொளந்து வெடிப்பு ஓடற வழியிலயே பிரிச்சு எடுத்தீங்கன்னா உளிப்பிடி, பம்பரம், ஆணி முளை, கரண்டிக் காம்பு எல்லாம் வரும், காய வைக்கற வேலையும் மிச்சம். கிண்ணத்துக்கு பாதி உயிரோட நிக்கற மரம்தான்.

பொளக்கறதுன்னா ரம்பம் போடாதீங்க, ஆப்பு வச்சு அடிங்க. ஆப்பு மரத்தோட நார் போற வழியிலயே போகும், ரம்பம் உங்க வழியில போகும். நார் வழியா பொளந்த கட்டையில கடைஞ்ச காம்பு முறியவே முறியாது. ஆரஞ்சு மரம் கொஞ்சம் முறுக்கிக்கிட்டு வளரும், ஆப்புல பொளந்தா அந்த முறுக்கு எவ்வளவுன்னு அங்கயே கண்ணுல தெரிஞ்சுரும்.

காப்பிக்காடு_நாகலூர்:

அக்காவுக்கு நன்றி, இலைய எடுத்துட்டுப் போறேன். மரம் எல்லாம் சரிவுல நிக்குது, அறுத்த கிளையிலயும் நெட்டி நடுவுல இல்லாம ஒரு ஓரமா இருந்துச்சு, அது சரியா?

கொண்டலாம்பட்டி_லேத்து:

அது முக்கியமான கவனிப்பு. சரிவுல நிக்கற மரம் நேரா நிக்கறதுக்காக ஒரு பக்கம் அதிகமா சதை போடும். ஊசியிலை மரங்கள் சாஞ்ச பக்கம் கீழ போடும், ஆரஞ்சு மாதிரி அகல இலை மரங்கள் மேல்பக்கம் போடும், மரத்த மேல இழுத்துப் பிடிக்கற மாதிரி. அந்தப் பக்கத்து நார் எப்பவும் இழுவிசையிலயே வளந்தது. வெட்டினதும் இழுவை விடுபட்டு துண்டு வளையும், காயறப்ப நீளவாக்குலயும் சுருங்கும், கடையறப்ப எவ்வளவு கூரான உளி வச்சாலும் மேல பஞ்சு பஞ்சா நார் நிக்கும். கிளையில இது இன்னும் அதிகம், கிளை எப்பவுமே சாஞ்சுதான இருக்கு.

அதனால முனைய பாத்து, நெட்டி எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கோ அந்தக் குறுகின பக்கத்தக் கிண்ணத்துக்கு வைங்க, அகலமா சதை போட்ட பக்கத்த சின்னச் சாமானுக்கு வைங்க. பஞ்சு நிக்கற எடத்துல நீர்த்த அரக்கு ஒரு கை தடவிட்டு காஞ்சதும் கூரான உளியில மெல்லிசா ஒரு சீவல் எடுத்தா அடங்கும்.

மரம்_சூரமங்கலம்:

சரி, பச்சைக் கடைசல் விசயத்துல ஒத்துக்கறேன், எடை போடற முறை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா என் நண்பர் ஒருத்தர் ஏற்காட்டுலயே காயவச்சு எடை நின்னதுக்கு அப்புறம் கடைஞ்சு முடிச்ச எலுமிச்சைக் கிண்ணம் ஒண்ணு சேலத்துல எங்க வீட்டுக்கு பங்குனி மாசம் வந்துச்சு, சித்திரை முடியறதுக்குள்ள விளிம்புல வெடிச்சிருச்சு. எடை நின்ன மரம் ஏன் வெடிக்குது?

கொண்டலாம்பட்டி_லேத்து:

எடை நின்னது ஏற்காட்டுக் காத்துக்கு. மரம் எங்க இருக்கோ அந்தக் காத்துல இருக்கற ஈரத்துக்கு ஏத்த மாதிரி தன்னோட ஈரத்த வச்சுக்கும். காத்தோட ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கற எடத்துல மரம் 16 சதவீதம் கிட்ட நிக்கும், 40 சதவீதத்துக்கு இறங்கினா மரம் 8 கிட்ட வந்துரும். ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல 1500 மீட்டர், சேலம் 300 கூட இல்ல. மழை மாசத்துல மேல காயவச்சத கொண்டைஊசி 20 வளைவும் இறக்கி வெயில் மாசத்துல ஃபேனுக்கு அடியில வச்சா இன்னொரு தடவ காயத்தான் செய்யும், இந்தத் தடவ சுவர் மெல்லிசா முடிஞ்ச பொருளா இருக்கறதால கடைஞ்சு சரி பண்ண எடம் இல்ல.

அதனால நாகலூர் தம்பி பச்சைக் கடைசல மேல பண்ணுங்க, முதல் காய்ச்சலும் மேலயே ஆகட்டும், அந்த ஈரக்காத்து இந்த மரத்துக்கு ஒரு வரம்தான், மெதுவா காயும். எடை நின்னதும் பையோட கீழ இறக்கி சேலத்துல யார் வீட்டுலயாவது பரண்ல வைங்க, திரும்ப எடை இறங்கி நிக்கும், அப்புறம் முடிங்க. நீங்க விக்கற எண்ணம் இருந்தா இத விடவே கூடாது, வாங்கறவங்க சென்னையிலயோ ஈரோட்டுலயோ இருப்பாங்க. வேணும்னா பைய எங்க வீட்டுக்கு குடுத்து விடுங்க, பரண் காலியாத்தான் இருக்கு.

அஸ்தம்பட்டி_ஓய்வு:

நல்ல இழை. மிளகு மில்லு பத்தி யாரும் சொல்லல. மில்லுக்கு நடுவுல துளை போடறதால நெட்டியத் துளையிலயே எடுத்துரலாம்னு சில பேர் முழு கிளையவே வைப்பாங்க, தேக்குல சரிவரும், ஆரஞ்சுல நான் அத நம்ப மாட்டேன். 3 இஞ்சு சதுரக் கட்டையா நெட்டி இல்லாம எடுத்து, பச்சையாவே நடுவுல ஒரு சின்ன துளை போட்டு, முனை ரெண்டுலயும் துளை வாயச் சுத்தியும் மெழுகு வச்சு காய விடுங்க. உள்ளயும் வெளியவும் காயறதால அழுத்தம் குறையும். காஞ்சதும் சரியான அளவுக்கு துளைய பெருசு பண்ணிக்கலாம். ஏற்காட்டு மிளகுக்கு ஏற்காட்டு ஆரஞ்சு மரத்துல மில்லுன்னா கேக்கவே நல்லாருக்கு.

இன்னொரு விசயம். இன்டர்நெட்ல மரத்தோட எடை, கடினம் பாக்கறப்ப லெமன்வுட்னு இருக்கற கணக்க எடுத்துறாதீங்க. வில் செய்யறதுக்கு பேர் போன அந்த லெமன்வுட் கியூபா பக்கத்து மரம், காப்பி குடும்பத்தச் சேந்தது, நம்ம எலுமிச்சைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நம்ம ஆரஞ்சு மரத்துக்கு உலகம் பூரா பழகின உபயோகம் நகம் ஒதுக்கற குச்சி, ஆரஞ்ச் ஸ்டிக்னுதான் இன்னைக்கும் விக்கறாங்க. அவ்வளவு மெல்லிசா சீவினாலும் சிலும்பு ஏறாம முனை நிக்கும்ங்கறதுக்காகத்தான் அத எடுத்தாங்க.

தோட்டக்கலை_அயோத்தியாப்பட்டணம்:

இதே குடும்பத்துல நம்ம ஊரு மரங்களும் இருக்கு சார், வில்வம், விளா, கறிவேப்பிலை, முதிரை எல்லாமே எலுமிச்சையோட சொந்தம்தான். முதிரை மரத்தூள் தோல்ல பட்டா சில பேருக்கு அரிப்பும் தடிப்பும் வரும், சில்வர் ஓக்கும் அப்படித்தான். ஆரஞ்சு மரம் அந்த அளவுக்கு இல்லைன்னாலும் மாஸ்க் போடாம உப்புத்தாள் போடாதீங்க, இவ்வளவு நெருக்கமான மரத்தோட தூள் ரொம்ப நைஸா இருக்கும், நேரா நெஞ்சுக்குள்ள போகும்.

காப்பிக்காடு_நாகலூர்:

சில்வர் ஓக் கடையறப்ப எனக்கு முழங்கை எரியும், காரணம் இப்பத்தான் தெரியுது. மேல என்ன பூசறதுன்னு சொல்லுங்க. அம்மா நல்லெண்ணெய் தடவச் சொல்றாங்க, எனக்கு அரக்கு போட ஆசை.

செவ்வாப்பேட்டை_கடைசல்:

அரக்கு எனக்கு உயிர், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். சன்னபட்டணத்துலயும் ஏட்டிகொப்பாக்காவுலயும் அரக்குச் சாமான் கடையறது வெப்பாலை மரத்துல, வெள்ளையா மிருதுவா இருக்கும். மரம் சுத்தறப்பவே அரக்குக் குச்சிய அழுத்திப் பிடிப்பாங்க, உரசற சூட்டுல அரக்கு உருகி மரத்துல ஏறும், அப்புறம் தாழை ஓலைய மடிச்சு அழுத்தினா பரவி கண்ணாடியா மின்னும். அந்த ஓலைய அழுத்தற பக்குவம்தான் மொத்த வித்தையும், லேசா பிடிச்சா திட்டு திட்டா நிக்கும், ரொம்ப அழுத்தினா ஏறின அரக்கையே சீவி எடுத்துரும், நிறம் ஒரே சீரா ஓடறது கையில தெரியும், கண்ணுக்கு அப்புறம்தான் தெரியும். ஆரஞ்சு மரத்துலயும் அரக்கு நல்லா பிடிக்கும். ஆனா நிறம் போட்ட அரக்கு போட்டா அந்த மஞ்சள மறைக்கறதுக்கு எதுக்கு இந்த மரம்? நிறம் சேக்காத அரக்கு மெல்லிசா ஒரு ஓட்டு ஓட்டுங்க போதும். மில்லு, பம்பரம், டப்பா இதுக்கெல்லாம் சரி. கரண்டிக்கும் சூடா சாப்பிடற கிண்ணத்துக்கும் வேணாம், அரக்கு கொதிக்கற குழம்புச் சூட்டுக்கு இளகிரும்.

கொண்டலாம்பட்டி_லேத்து:

நல்லெண்ணெய் எத்தன நாளானாலும் முழுசா இறுகாதுங்க, தேங்காயெண்ணெயும் அப்படித்தான், மரத்துக்குள்ளயே எண்ணெயா கிடந்து சிக்கு வாடை வரும். காத்துப் பட்டு இறுகற எண்ணெய் வேணும், ஆளிவிதை எண்ணெய், வால்நட் எண்ணெய், டங் எண்ணெய். ஆளிவிதையில பெயின்ட் கடையில விக்கற பாயில்டு வேணாம், சீக்கிரம் காய உலோக உப்பு கலந்திருப்பாங்க. செக்குல ஆட்டின பச்சை ஆளிவிதை எண்ணெய மெல்லிசா துணியில தேச்சு, அரை மணி கழிச்சு மிச்சத்த சுத்தமா துடைச்சுட்டு ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வாரம் விடுங்க. துடைச்ச துணிய சுருட்டி மூலையில போட்றாதீங்க, ஆளிவிதை எண்ணெய் துணி தானாவே சூடேறி தீப்பிடிக்கும், தண்ணியில நனைச்சு விரிச்சுக் காயப்போட்டு அப்புறம் எறிங்க. கடைசியா தேன்மெழுகும் எண்ணெயும் உருக்கிக் கலந்து ஒரு தேய்ப்பு.

எண்ணெய் பட்டதும் மஞ்சள் ஆழமாகும். நாளாக நாளாக வெளிச்சத்துல கொஞ்சம் பழுப்புப் பக்கம் போகும், அத யாராலயும் முழுசா நிறுத்த முடியாது. வெயில் நேரா விழற ஜன்னல்ல வைக்காம இருந்தா மெதுவாப் போகும்.

மரம்_சூரமங்கலம்:

புழுவுக்கு என்ன பண்றீங்க? போராக்ஸ் கரைசல்ல முக்கறத பாத்திருக்கேன், சாப்பாட்டுச் சாமானுக்கு மனசு ஒப்பல.

செவ்வாப்பேட்டை_கடைசல்:

வேக வைங்க. பச்சையா கடைஞ்ச கிண்ணத்த அண்டாவுல தண்ணி முங்க வச்சு, ஒரு இஞ்சு கனத்துக்கு ஒரு மணி நேரம் கொதிக்க விட்டு, அந்தத் தண்ணியிலயே ஆற விட்டு எடுத்தா புழுவும் முட்டையும் போயிரும், இழுவையும் தளர்ந்துரும். தண்ணி டீ நிறத்துல வரும். என் கை அனுபவத்துல வேகவச்ச ஆரஞ்சு வேகவைக்காதத விட ரொம்ப கம்மியா வெடிக்குது. மஞ்சள் ஒரு நூல் மங்கும், அவ்வளவுதான்.

அஸ்தம்பட்டி_ஓய்வு:

ஏற்றுமதி மரப்பெட்டிக்கே மரத்தோட நடு வரைக்கும் 56 டிகிரி சூடு 30 நிமிசம் நிக்கணும்னுதான் சர்வதேச விதி, கொதிக்க வச்சா அதத் தாண்டியே போகும். இன்னொண்ணு, மரம் வெட்டறதுக்கு முன்னாடி வனத்துறை ரேஞ்ச் ஆபீஸ்ல ஒரு வார்த்த கேட்டுக்குங்க. மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம்னு 1955லருந்து இருக்கு, பட்டா நிலம்னாலும் கேக்காம வெட்ட முடியாது. பழமரத்துக்கு என்ன நடைமுறைன்னு அவங்க வாயாலயே கேட்டு, கீழ எடுத்துட்டு வர்றதுக்கு எழுத்துல ஏதாவது வேணுமான்னும் கேட்டுக்குங்க. செக்போஸ்ட்ல நின்னு விளக்கம் சொல்ற நிலைமை வேணாம்.

1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் காலத்துலதான் ஏற்காட்டுல காப்பியும் ஆரஞ்சும் பேரிக்காயும் வேரூனுச்சுன்னு சொல்வாங்க. என் சின்ன வயசுல பஸ் ஏற்காடு ஸ்டாண்டுல நின்னா கூடை கூடையா கமலா ஆரஞ்சு ஜன்னலுக்கு வரும், இப்ப அதப் பாக்கறதே அபூர்வம். அந்த மரம் போகத்தான் போகுதுன்னா அதுல ஒரு பத்துப் பொருளாவது மலையிலயே நிக்கட்டும் தம்பி.

காப்பிக்காடு_நாகலூர்:

எல்லாரும் சொன்னத அப்பாகிட்ட உக்காந்து படிச்சுக் காட்டினேன். ரேஞ்ச் ஆபீஸ்ல கேட்டாச்சு, எழுதிக் குடுத்திருக்கோம். ஆராய்ச்சி நிலையத்துல இலையப் பாத்துட்டு கிரீனிங்தான்னு ரொம்பச் சந்தேகமா இருக்கு, பரிசோதனைக்கு அனுப்பலாம்னாங்க.

அது வரைக்கும் நின்னுகிட்டே செத்த மரத்துல உடைஞ்சு விழுந்து கிடந்த கொம்பு ஒண்ண ஆப்பு வச்சுப் பொளந்தேன், அண்ணன் சொன்ன மாதிரியே முறுக்கு நல்லா தெரிஞ்சுது, கால் சுத்து போகுது. அதுல பம்பரம் கடைஞ்சேன். உளி பட்ட எடத்துல தாள் போடவே இல்ல, தலைப்பக்கம் கடைஞ்ச மூணு வளையமும் மயிரிழை கனத்துல அப்படியே நிக்குது, ஆணிக்கு துளை போட்டப்பவும் கீறல. லைன் வீட்டுப் பசங்க தார் ரோட்டுல விட்டு ஆக்கர் குத்தினாங்க, பலா பம்பரம் விண்டுருச்சு, இதுல வெறும் பொட்டு மட்டும்தான் விழுந்திருக்கு.

ஒரே ஒரு சந்தேகம். சாய்வா அலகு வச்ச ஸ்க்யூ உளியில கழுத்து கடையறப்ப திடீர்னு கடிச்சு இழுக்குது, சில்வர் ஓக்குல இப்படி ஆனதில்ல.

செவ்வாப்பேட்டை_கடைசல்:

கடினமான மரத்துல உளியோட மேல் முனை பட்டா கடிக்கும். அலகோட நடுவுக்குக் கீழ் பாதி மட்டும் மரத்துல படட்டும், சரிவு மரத்து மேல உக்காந்த பின்னாடி கைப்பிடிய மெதுவா தூக்குங்க. சாணையில இன்னும் கொஞ்சம் நீளச் சரிவா தீட்டி, எண்ணெய்க் கல்லுல சிலும்பு போக ரெண்டு பக்கமும் இழுத்துக்குங்க. ஆரஞ்சுக்கு அடிக்கடி தீட்டணும், மழுங்கின உளிய அழுத்தித் தள்ளினா சூடேறி மரம் கருகும்.

கொண்டலாம்பட்டி_லேத்து:

அதோட உளிய வச்சுத் தாங்கற டூல் ரெஸ்ட மரத்துக்கு இன்னும் நெருக்கி வச்சுப் பாருங்க, நடு உயரத்துக்கு ஒரு நூல் மேல. மரம் சாய்க்கற நாள் முடிவானதும் இங்கயே எழுதுங்க, மெழுகும் காகிதப் பையும் எடுத்துட்டு காலையில முதல் பஸ்ஸுக்கு மேல வந்துர்றேன், அன்னைக்கே உக்காந்து பொளந்து முனை அடிச்சுரலாம்.

செவ்வாப்பேட்டை_கடைசல்:

நானும் வர்றேன். ஆப்பு என்கிட்ட நாலு இருக்கு.